சீப்பு தின்னும் முடி

ஜன்னல் விளிம்பில் ஒரு கறுப்புச் சீப்பு. காலை வெயில் அதன் பற்களுக்கு நடுவே நுழைந்து தரையில் கோடு கோடாக விழுகிறது. ஓரிடத்தில் மட்டும் கோடு அகலமாக இருக்கிறது. அங்கே ஒரு பல் இல்லை.

பல் சற்று முன்புதான் உடைந்தது. டெல்பினின் தலைக்குள் எங்கோ இருக்கிறது. தேடிப் போன அம்மாவின் விரல்கள் வெறுங்கையோடு திரும்பின.

ஐப்பசி. தூத்துக்குடியின் மேல் மேகம் கறுத்துக்கொண்டு வருகிறது. கடலிலிருந்து ஈரக்காற்று. ஈரக்காற்று பட்டால் போதும், டெல்பினின் முடி எழுந்து நிற்கும். தேசிய கீதம் கேட்டதைப் போல.

அது அப்பாவின் முடி. குவேசி, கானா நாட்டுக்காரர், கப்பலில் ஃபிட்டர். பழுதான ஒரு கப்பலோடு இந்தத் துறைமுகத்துக்கு வந்தார். கப்பல் சரியாகிப் போய்விட்டது. அவர் போகவில்லை. மணம் முடித்து, மகள் பிறந்து, தமிழில் பேரம் பேசப் பழகிய பிறகுதான் அடுத்த கப்பலில் ஏறினார்.

அம்மா செலஸ்டின் வலை இழுக்கிற குடும்பத்தில் பிறந்தவள். எதையும் இழுத்தால் வரும் என்பது அவள் நம்பிக்கை. தினமும் காலையில் மகளை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொள்வாள். ஒரு கை நிறைய தேங்காய் எண்ணெய். பிறகு தண்ணீர் படாத முடியின் வேரில் சீப்பை நட்டு, கீழ்நோக்கி ஒரே இழுப்பு.

தலை பின்னால் போகும். கழுத்தும் பின்னால் போகும். கண்ணீர் மட்டும் முன்னால் வரும்.

சுருள்கள் சீப்புக்குப் பயந்து கீழே ஓடும். ஓடி, நுனியில் ஒன்றாய்த் திரண்டு, முடிச்சாகி, திரும்பி நின்று சண்டை போடும். சீப்பு வளையும். அம்மா பல்லைக் கடிப்பாள். சீப்பின் பல் உடையும்.

முடி படியாது.

கடலுக்கு நடுவிலிருந்து அப்பா போனில் குரல் அனுப்புவார். தண்ணியில நல்லா நனை, செலஸ்டின். சீப்பு வேண்டாம், விரலால பிரி. நுனியில தொடங்கி மேல போ. அம்மா முழுவதும் கேட்டுவிட்டுப் போனைக் கவிழ்த்து வைப்பாள். அப்பாவின் தலை பளபளவென்று மழித்த மொட்டை. மொட்டைத் தலைக்காரர் முடி விஷயத்தில் சொல்வதை யார் கேட்பார்கள்?

டெல்பின் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் குளியலறையைத் தாழிட்டுக்கொள்வாள். ஒரு வாளித் தண்ணீர். கண்டிஷனர் பாக்கெட்டுகள். நனைந்த முடி இறங்கி வந்து தோளில் சாயும். விரல் விட்டால் வழி விடும். இரண்டிரண்டு இழையாக எடுத்து முறுக்கி விடுவாள்.

காய்ந்ததும் பிரித்தால் ஒவ்வொரு சுருளும் ஒரு குட்டிச் சங்கு. வெயில் உள்ளே போகும். வெளியே வர வழி தெரியாமல் அங்கேயே தங்கிவிடும். கண்ணாடி முன்னால் டெல்பின் தலையை மெல்ல அசைப்பாள். எல்லாச் சங்கும் அசையும்.

திங்கட்கிழமை காலை அம்மா சீப்போடு வருவாள்.

கல்லூரி அறிவிப்புப் பலகையிலும் முடிக்கு இடம் இருந்தது. மாணவியர் தலைமுடியைப் படிய வாரி வர வேண்டும் என்று முதல்வர் கையொப்பமிட்டிருந்தார். மற்ற மாணவியர் முடி அதைப் படித்தது. டெல்பினின் முடி படிக்கவில்லை.

முதலாம் ஆண்டில் ஒருத்தி அவள் தலையில் ஒரு பென்சிலைச் செருகி, நிற்கிறதா என்று பார்த்தாள். நின்றது. டெல்பின் அவளைத் தரையில் செருகிப் பார்த்தாள். அவள் நிற்கவில்லை.

அன்று மாலையே உடற்கல்வி ஆசிரியை சங்கரகோமதி மேடம் டெல்பினைக் கபடி அணியில் சேர்த்துக்கொண்டார்.

கபடியில் அவள் காற்று. கபடி கபடி என்று பாடிப் போனால் ஒரு தொடல், ஒரு உதை, திரும்பினால் நடுக்கோடு. முட்டி கிழிந்தது. உதடு கிழிந்தது. எதிரணிப் பெண்களின் முட்டியும் உதடும் அதைவிட நன்றாகக் கிழிந்தன. எல்லாரும் மகிழ்ச்சியாக இருந்தார்கள்.

கோவில்பட்டிக் கல்லூரியோடு லீக் ஆட்டம் வரும் வரை.

அங்கே பேச்சித்தாய் இருந்தாள். இடது கார்னர். கணுக்காலைப் பிடித்தால் எலும்பு வேறு, கால் வேறாக உணர வைக்கும் பிடி. அன்று அவள் கணுக்காலைப் பிடிக்கவில்லை. கோட்டுக்கு ஒரு சாண் இருக்கும்போது, டெல்பினின் சடையைக் கையில் சுற்றி இழுத்தாள்.

முடியைப் பிடிப்பது ஃபவுல். நடுவர் பார்த்தால். நடுவர் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேரோடு பிடுங்கிக்கொண்டு வரும் சத்தத்தை டெல்பின் மண்டைக்குள் கேட்டாள். அவள் கை கோட்டுக்குப் போகவில்லை. தலைக்குப் போனது. இரண்டு கையாலும் முடியைக் காப்பாற்றிக்கொண்டு மண்ணில் கிடந்தாள். பாட்டு நின்றது. ஆட்டம் போயிற்று.

பேச்சியின் கையில் ஒரு கொத்து முடி. ஊதினாள். அது பறக்கவில்லை. விரலைச் சுற்றிக்கொண்டது.

"சாமி உனக்குக் கைப்பிடி வச்சே அனுப்பியிருக்காரு, ஏட்டி" என்றாள்.

டெல்பினின் காதோரம் ரத்தம் வழிந்தது. மேடம் முதலுதவிப் பெட்டியைத் திறந்தார். உள்ளே மருந்து இல்லை. கத்தரிக்கோல் இருந்தது. பதக்க ரிப்பன் வெட்டுவதற்காக வாங்கியது.

"ஃபைனல்லயும் இவளுகதான் வருவாளுக. முடியால ஒரு பாயிண்ட் போச்சுன்னா, கோர்ட்டுல வச்சே ஒட்ட வெட்டிருவேன். சரின்னா ஆடு. இல்லன்னா பெஞ்சுல உக்காரு."

"சரி மேடம்."

முடியை ஏன் வெட்டக் கூடாது என்று விண்ணப்பத்தில் எழுதுகிற மாதிரி டெல்பினிடம் காரணம் எதுவும் இல்லை. அவளுடைய மூக்கை ஏன் வெட்டக் கூடாது என்பதற்கும் இல்லை.

இன்று ஃபைனல். இன்று காலை பல் உடைந்தது. அம்மா இழுத்து, முறுக்கி, இரட்டைச் சடை போட்டு, ரப்பர் பேண்ட் மேல் ரப்பர் பேண்டாக மாட்டினாள். புருவம் மேலேறிக்கொண்டது. நாள் முழுக்க டெல்பின் எதற்கோ ஆச்சரியப்பட்டவளைப் போலத் தெரிவாள்.

அம்மா இறால் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு வந்து மைதானத்தின் ஓரத்தில் நிற்கிறாள். கைப்பையில் எண்ணெய்ப் புட்டி. சீப்பு. சடை அவிழ்ந்தால் என்ன செய்வது?

மழை வருகிறது. முதலில் தூறல். பிறகு வானம் கையில் கிடைத்ததை எல்லாம் எடுத்து வீசுகிறது. செம்மண் சேறாகிறது. சேறு குளமாகிறது. தலைமை விருந்தினர் பந்தலுக்குள் நனையாமல் அமர்ந்திருக்கிறார். ஆகவே மழை பெய்யவில்லை என்று முடிவு செய்யப்படுகிறது.

விசில்.

சேற்றில் உடம்புகள் மோதுகின்றன. முழங்கை விலாவில் இறங்குகிறது. தாடை தோளில் மோதி, ஒருத்தி நாக்கைக் கடித்துக்கொண்டு சிவப்பாகத் துப்புகிறாள். மழை கழுவுகிறது. மறுபடி சிவப்பு. மறுபடி மழை.

இரண்டு அணியும் சமம். கடைசிப் பாட்டு டெல்பினுடையது. பந்தல் ஓரத்தில் மேடம். மேடத்தின் மடியில் பெட்டி. பெட்டி திறந்திருக்கிறது.

கபடி கபடி கபடி.

பேச்சி காத்திருக்கிறாள். விரல்களில் சுற்றிய பிளாஸ்திரி மழையில் ஊறிப் பிரிந்து வால் வாலாகத் தொங்குகிறது. டெல்பினின் கால் அவள் தோளைத் தொடுகிறது. தொட்ட கால் திரும்பும் முன் பேச்சி பாய்கிறாள்.

கணுக்கால். வழுக்குகிறது. இடுப்பு. வழுக்குகிறது. சேறு யாருக்கும் சொந்தமில்லை. டெல்பின் விழுந்து, மார்பால் ஊர்ந்து, கோட்டை நோக்கிப் போகிறாள். கபடி கபடி கபடி. பேச்சியின் கை சடைக்கு வருகிறது.

ரப்பர் பேண்டுகள் தெறிக்கின்றன. சடை அவிழ்கிறது. ஐந்து விரலும் வேர் வரை போய் இறங்குகின்றன. இழுப்பு.

அதே சத்தம். அதே ஒரு சாண்.

டெல்பினின் கைகள் தலைக்குப் போகப் பார்க்கின்றன. அவள் விடவில்லை. சீப்பைத் தின்ற முடி. உடையாத முடி. பார்த்துக்கொள்ளும். அவள் இழுப்புக்கு எதிராக, முன்னால், மொத்த உடம்பையும் வீசுகிறாள். மண்டையோட்டின் மேல் தோல் தனியாக எழுந்துகொள்வதைப் போல ஒரு வெளிச்சம். வலி வெள்ளை நிறம்.

பின்னால் பேச்சி சேற்றில் இழுபட்டுக்கொண்டு வருகிறாள். அவள் விட்டுவிடத்தான் பார்க்கிறாள். கை விடவில்லை. முடி விடவில்லை.

டெல்பினின் நடுவிரல் கோட்டைத் தொடுகிறது. பாட்டு இன்னும் நிற்கவில்லை.

விசில்.

தூத்துக்குடி வென்றது. அணி கத்திக்கொண்டு ஓடி வந்து அவள் மேல் விழுந்தது. பிறகு ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள். டெல்பின் எழுந்து உட்கார்ந்தாள். பேச்சியும் கூடவே எழுந்து உட்கார்ந்தாள். வேறு வழி இல்லை.

பிரிந்த பிளாஸ்திரி சுருள்களுக்குள் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. சுருள்கள் பிளாஸ்திரியைச் சுற்றிக்கொண்டிருந்தன. விரல்கள் நடுவில். டெல்பின் முன்னால், பேச்சி பின்னால் மண்டியிட்டு, தலையில் கை. தூரத்திலிருந்து பார்த்தால் ஒருத்தி இன்னொருத்திக்குச் சடை போடுவதாகத் தோன்றும்.

மேடம் பெட்டியோடு வந்து, அதைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தார்.

"பாயிண்ட் போகல, மேடம்" என்றாள் டெல்பின்.

"போகல. அவ கையும் வெளிய வரலயே. விருந்தினருக்கு அடுத்த நிகழ்ச்சி இருக்கு."

கத்தரிக்கோல் வாயைத் திறந்தது. பேச்சி மற்ற கையைக் குறுக்கே நீட்டினாள். கருணை ஒன்றும் இல்லை. உள்ளே இருப்பது அவளுடைய விரல்.

"அம்மா, எண்ணெய்" என்றாள் டெல்பின்.

அம்மா சேற்றில் சறுக்கிக்கொண்டு ஓடி வந்தாள். பையிலிருந்து இரண்டையும் எடுத்தாள். ஒரு கையில் புட்டி, ஒரு கையில் சீப்பு.

"சீப்பு வேண்டாம்."

சீப்பு அந்தரத்தில் நின்றது. மழை அதன் பற்களில் வழிந்தது. அம்மா புட்டியை மட்டும் நீட்டினாள்.

பேச்சி எண்ணெயை ஊற்றினாள். ஊற்றிய வேகத்தில் வேரைப் பிடித்து இழுக்கப் போனாள்.

"நுனியில இருந்து வா, ஏட்டி."

பேச்சி நுனிக்குப் போனாள். ஒரு சுருள். அதற்கு மேலே ஒரு சுருள். கணுக்காலை நொறுக்குகிற விரல்கள். பிளாஸ்திரியின் பசை எண்ணெயில் இளகியது. ஈரமுடி வழி விட்டது. ஒரு விரல் வெளியே வந்தது.

"வலிக்கா?"

"இல்ல."

டெல்பினின் தலையை இதுவரை யாரும் அந்தக் கேள்வி கேட்டதில்லை. அவளிடமும் இதுவரை அந்தப் பதில் இருந்ததில்லை.

மேடம் கத்தரிக்கோலோடு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு போய் ரிப்பன் வெட்டினார். விருந்தினர் அவசரமாகப் பதக்கம் மாட்டினார். அந்தப் புகைப்படத்தில் டெல்பின் இல்லை. ஓரத்தில் சேறு பூசிய இரண்டு முதுகுகள் தெரிகின்றன.

கடைசி விரலும் வந்துவிட்டது. பேச்சி கையை உதறவில்லை. உள்ளே எதையோ தடவிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, இங்க ஒரு பல்லு கெடக்கு. யாரையும் கடிச்சு வச்சிருக்கியா?"

"எங்கம்மாவோடது."

பேச்சி அம்மாவின் வாயைப் பார்த்தாள். எல்லாம் இருந்தன. அம்மா அந்தக் கறுப்புப் பல்லை வாங்கி, சேலையில் துடைத்து, சீப்பின் இடைவெளியில் பொருத்தினாள். ஒரு கணம் நின்றது. விழுந்தது. அவள் குனிந்து எடுக்கவில்லை.

இன்னொரு பக்கச் சடை அவிழாமல் இறுகிக் கிடந்தது. அம்மா சீப்பை முதலுதவிப் பெட்டியின் மேல் நிறுத்திச் சாய்த்துவிட்டு மகளுக்குப் பின்னால் சேற்றில் உட்கார்ந்தாள். ரப்பர் பேண்டை உருவினாள். கையில் எண்ணெய் விட்டுக்கொண்டாள். பேச்சியை ஒரு முறை பார்த்தாள்.

நுனியைப் பிடித்தாள்.

மழை விட்டிருந்தது. மேகத்தின் ஓரம் கிழிந்து வெயில் வந்தது. சீப்பின் பற்களுக்கு நடுவே நுழைந்து, சேற்று நீரில் கோடு கோடாக விழுந்தது. ஓரிடத்தில் மட்டும் அகலமாக.