ஒரு பேருக்கு இரண்டு குரல்

சங்கரம்மாள் வாசலில் நின்று "ஏளா செல்லக்கனி" என்று ஒரு தடவை கூப்பிட்டால் வீட்டுக்குள்ளிருந்து இரண்டு குரல் "ஏம்மா?" என்று கேட்கும். 1944-ல் தூத்துக்குடி உப்பளத்துப் பக்கம் இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஒரு குரல் ஆறு வயதுப் பிள்ளையுடையது. இன்னொரு குரலுக்கு ஆள் கிடையாது.

முந்தின ஐப்பசியில் வாந்திபேதி வந்து சங்கரம்மாளின் ஒரே மகள் செல்லக்கனி போய்விட்டாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே சங்கரம்மாளின் புருஷன் சொரிமுத்து, தோணிக்கு உப்பு மூட்டை சுமக்கிறவன், அதே சீக்கில் தாய் தகப்பனைப் பறிகொடுத்த ஒரு பிள்ளையை ஏரலிலிருந்து கூட்டிவந்தான். சங்கரம்மாள் அதைக் குளிப்பாட்டி, செத்தவளின் பாவாடையைக் கட்டிவிட்டு, "இனிமே நீதான் செல்லக்கனி. பழைய பேரை வாயில எடுக்கக் கூடாது" என்றாள். அதோடு அவள் அழுகையும் நின்றது. மகள்தான் வீட்டில் இருக்கிறாளே, எதற்கு அழ.

மூன்றாம் மாதம் இரண்டாவது குரல் கேட்க ஆரம்பித்தது. முதலில் தண்ணீர்க் குடத்துக்குப் பின்னால், பிறகு பிள்ளையின் முதுகுக்குப் பின்னாலேயே. பிள்ளை திரும்பிப் பார்ப்பதை விட்டுவிட்டது. கூப்பிடக் கூப்பிட அதன் எடையும் குறைந்தது. சொரிமுத்து உப்புத் தராசில் உட்காரவைத்துப் பார்த்தான். சித்திரையில் முப்பத்தாறு ராத்தல், ஆடியில் இருபத்திரண்டு, ஐப்பசியில் ஒன்பது. கன்னம் ஒட்டவில்லை, கை கால் மெலியவில்லை, கனம் மட்டும் இல்லை. ஈர மணலில் நடந்தால் தடம் விழாது. "என்னலே, பிள்ளைய வளக்கியா, உப்பு மாதிரி கரைக்கியா?" என்று தராசுக்கார வன்னியபெருமாள் அண்ணாச்சி முதலில் சிரித்தார். மூன்று ராத்தல் ஆனபோது அவரும் சிரிக்கவில்லை.

கார்த்திகையில் ஒரு மத்தியானம் வாடைக்காற்று பிள்ளையைத் தூக்கித் துணிக்கொடியில் மாட்டிவிட்டது. சங்கரம்மாள் ஓடிவந்து பாவாடையைப் பிடித்துக்கொண்டு "செல்லக்கனி, செல்லக்கனி" என்று கத்தினாள். கத்தக் கத்தப் பிள்ளை இன்னும் லேசானது. பதில் சொன்னது மற்றக் குரல் மட்டுந்தான். அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. இழுத்து மடியில் அழுத்திக்கொண்டு, "உன் பேரு என்னட்டி?" என்று கேட்டாள்.

"சொன்னா ஏரல்ல கொண்டு விட்டுருவியளா?"

"மாட்டேன் தாயி."

"செல்லக்கனி இல்லைன்னாலும் சோறு போடுவியளா?"

"போடுவேன், சொல்லு."

"சீனித்தாய்."

"ஏளா சீனித்தாயி" என்று கூப்பிட்டாள். ஒரே ஒரு குரல் "ஏம்மா" என்றது. மடியில் கனம் இறங்கியது. அதற்கப்புறம் மூன்று நாள் சங்கரம்மாள் செத்த மகளை நினைத்து அழுதாள். சீனித்தாயும் பக்கத்தில் உட்கார்ந்து ஏரலில் செத்துப்போன தன் தாயை நினைத்து அழுதாள். தை மாதம் தராசில் நாற்பது ராத்தல் காட்டினாள்.

செல்லக்கனியை யாரும் விரட்டவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு சங்கரம்மாள் அந்தப் பேரை ஒரு தடவை கூப்பிடுவாள். "ஏம்மா?" என்று கேட்கும். சீனித்தாய் தன்பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருப்பாள்.

"ஒண்ணுமில்லட்டி, சும்மாதான் கூப்பிட்டேன்" என்பாள் சங்கரம்மாள்.