பட்டியலில் இல்லாத சொல்

விசாரணை அறையில் ஐந்து பேர் இருந்தார்கள். ஜன்னலுக்கு முதுகு காட்டி, சுழல் நாற்காலியில் மேலாளர். அவருக்கு வலப்பக்கம் சலவைப் பிரிவு சூப்பர்வைசர், காலை நீட்டிக்கொண்டு. இடப்பக்கம் கம்பெனி வைத்திருக்கும் மனநல ஆலோசகர், மடியில் ஒரு கோப்புடன். எதிரே, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளில் இஸ்திரி போடுகிறவளும் அவள் நாத்தனாரும். நாத்தனாருக்கும் அங்கேதான் வேலை, பக்கத்து மேஜை.

புகார் இஸ்திரி போடுகிறவளுடையது. மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டே ஹோட்டல் படுக்கை விரிப்புகளைத் தேய்த்துக்கொண்டிருந்தவளை, சூப்பர்வைசர் எல்லார் எதிரிலும் ‘நடைப்பிணம்’ என்று கூப்பிட்டு வந்தார். புகார் நிரூபணமாகாவிட்டால் பொய் சொன்னவள் என்று அவள் வேலை போய்விடும்.

“நான் அப்படிச் சொல்லவே இல்ல சார். எத்தனையோ தடவ பாராட்டியிருக்கேன்” என்றார் சூப்பர்வைசர்.

“பாராட்டினாராம்மா?” என்று மேலாளர் இஸ்திரி போடுகிறவளைக் கேட்டார்.

“ஞாபகம் இல்ல சார்.”

“ரெண்டு தடவ பாராட்டினாரு. நடைப்பிணம்னு சொன்னத எண்ண என் விரல் பத்தாது” என்றாள் நாத்தனார்.

“நீங்க அவங்க வீட்டு ஆளு. அப்படித்தான் சொல்வீங்க” என்று மேலாளர் ஆலோசகர் பக்கம் திரும்பினார்.

ஆலோசகர் கோப்பைத் திறந்தார். “போன மாசம் இவங்களுக்கு ஒரு சோதனை வெச்சேன். வார்த்தைகளப் படிச்சுக் காட்டி, கொஞ்ச நேரம் கழிச்சுக் கேட்டேன். சந்தோஷம், வெளிச்சம் மாதிரி வார்த்தைகள நிறைய மறந்துட்டாங்க. தோல்வி, தனிமை, பாரம் எல்லாம் விடாம சொன்னாங்க. மனச்சோர்வுல இப்படி ஆகறதுண்டு.”

இஸ்திரி போடுகிறவளுக்குக் காது சுட்டது. ‘இது நமக்குள்ளதான்’ என்று கதவைச் சாத்திவிட்டு இதே அம்மாள் சொன்ன பேச்சு. இப்போது அழுக்கு விரிப்பை உதறுவதுபோல எல்லார் முன்னாலும் உதறியாகிவிட்டது.

“பாத்தியாம்மா, கெட்டது மட்டும்தான் உன் மனசுல ஒட்டுது. உன் தப்பில்ல, நோய். புகார வாபஸ் வாங்கிக்க” என்றார் மேலாளர்.

அந்தக் கருணையைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. நல்லது மறந்துபோவது அவளுக்குத் தெரியாதா என்ன? காலையில் கணவன் சிரிக்கச் சிரிக்க ஏதோ சொன்னான். பஸ் ஏறுவதற்குள் அது போய்விட்டது. அதற்காக அவள் அழுதிருக்கிறாள். அதையே எடுத்து அவள் வாயை அடைக்கப் பார்க்கிறார்கள்.

“மேடம், நீங்க படிக்காத வார்த்த ஏதாவது நான் சொன்னேனா?”

ஆலோசகர் தாளைப் புரட்டினார். அப்புறம் தலை நிமிராமலே, “இல்ல.”

“நல்லத மறந்தேன், ஒத்துக்கறேன். இல்லாத கெட்டத நான் உண்டாக்கலயே.”

சூப்பர்வைசர் காலை மடக்கிக்கொண்டார்.

“இத எழுதித் தருவீங்களா மேடம்?”

ஆலோசகர் மேலாளரைப் பார்த்தார். “நான் இங்க வேலை பாக்கறவ.”

“நாங்க மட்டும் வேடிக்க பாக்கவா வர்றோம்?” என்று நாத்தனார் எழுந்துவிட்டாள்.

சாயங்காலம் நாத்தனார் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், தலைமை அலுவலகத்துக்கு இஸ்திரி போடுகிறவளே புகார் எழுதினாள்.

“யார் யார் எங்க உக்காந்திருந்தாங்கன்னு முதல்ல எழுது அண்ணி. நாளைக்கு ஒருத்தரும் நான் அங்க இல்லன்னு நழுவக் கூடாது.”

அப்படியே எழுதினாள். ஆலோசகரின் ‘இல்ல’வையும் எழுதினாள்.

“அந்த ரெண்டு பாராட்டையும் சேத்துடறேன்.”

“அவனுக்கு எதுக்கு சர்டிபிகேட்?”

“எனக்குத்தான ஞாபகம் இல்ல? நீ கேட்டிருக்க. நடந்தது எல்லாமே கடுதாசில போகட்டும்.”

உறையை ஒட்டி, ஓரத்தை இஸ்திரி போடுவதுபோல உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தாள். தபால் நிலையம் மூடுவதற்குள் பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டார்கள்.