தெளிந்த தண்ணீரில் ஒரு மூட்டை களிமண்

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள் கண்ணுகளா. தூரத்தில் இருப்பவர்களுக்காகத் தொண்டையைக் கிழித்துக்கொள்ள எனக்குத் தெம்பில்லை. பக்கத்தில் வருபவர்களுக்கு ஒரு நல்ல கதை வைத்திருக்கிறேன். ஓர் அண்ணியும் நாத்தனாரும் ஒரே இடத்தில் வேலை பார்த்த கதை. சிரிக்காதீர்கள். சண்டை இருக்குமா என்றால் இருக்கும். ஆனால் நகைக்காகவோ அடுப்படிக்காகவோ இல்லை, தண்ணீருக்காக.

ஊருக்குக் குடிநீர் அனுப்பும் நிலையத்தில் நாத்தனார்தான் பொறுப்பு இன்ஜினியர். அண்ணி அங்கேயே ஆய்வுக்கூடத்தில் தண்ணீரைச் சோதிப்பவள். வீட்டில் அண்ணி சொன்னால் நாத்தனார் எழுந்து நிற்க வேண்டும். வேலையில் நாத்தனார் கூப்பிட்டால் அண்ணி எழுந்து போக வேண்டும். "மேடம்" என்று அண்ணி வாயைத் திறந்தாலே, "என்ன அண்ணி, திட்டப் போறீங்களா?" என்பாள் சின்னவள்.

ஆற்றின் மேல்பக்கம் ஒரு துணி ஆலை. வியர்வை நாற்றம் பிடிக்காமலிருக்கத் துணியில் வெள்ளி பூசுகிற ஆலை. அலசிய தண்ணீரோடு அந்த வெள்ளி ஆற்றில் இறங்கிவிட்டது. நம் கண்ணுக்கோ மணல் வடிகட்டிக்கோ சிக்குகிற தூசி இல்லை அது. நானோ துகள் என்கிறார்கள். ஒரு தலைமுடியின் குறுக்கே ஆயிரம் துகள் தோளோடு தோள் நிற்கலாம். ஆலையை நிறுத்தியாயிற்று. ஏற்கெனவே வந்து நிறைந்த தண்ணீரை என்ன செய்வது? குடித்தவுடன் யாரும் சுருண்டு விழப்போவதில்லை. நாள்பட்டால் உடம்பை என்ன செய்யும் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை. "என்ன ஆகும்னு தெரியாத ஒண்ண ஊருக்குக் குடிக்கக் கொடுக்க என்னால முடியாது" என்று நாத்தனார் பெரிய வால்வை மூடிவிட்டாள். ஊருக்கு லாரித் தண்ணீர். அதுவும் பாதித் தெருவுக்குத்தான் எட்டியது.

ஒருநாள் காலையில் மேலிடத்திலிருந்து போன். "கண்ணாடி மாதிரி இருக்கற தண்ணிய வெச்சுக்கிட்டு என்னம்மா அடம்? நாளைக் காலைல நீ திறக்கலேன்னா, திறக்கற ஆளக் கொண்டாந்து உன் நாற்காலில உக்கார வெப்பேன்." அவள் போனை வைத்தாள். நாற்காலி போனால் போகட்டும்; வருகிறவன் கை நேராக வால்வுக்குத்தான் போகும், அதுதான் அவள் கவலை.

அண்ணி சும்மா இருக்கவில்லை. இந்தத் துகள்கள் ஒன்றைக் கண்டால் ஒன்றுக்கு ஆகாது, தள்ளிக்கொண்டே மிதக்கும். படிகாரம் போட்டால் அந்தப் பகை அடங்கும். ஒட்டிக்கொண்டு கனத்து அடியில் உட்காரும். அடங்காத துகளுக்கு இன்னும் கொஞ்சம் போடலாமே என்று அவள் சோதனைக் குவளையில் படிகாரத்தை ஏற்றினாள், மறுபடி ஏற்றினாள். நகரத்துப் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பிய தண்ணீரின் முடிவு அன்று காலை வந்தது. வெள்ளி குறையவில்லை. படிகாரம் குறைவாகப் போட்டபோது இருந்ததைவிடக் கூடுதலாகவே தங்கியிருந்தது.

"அளவு மீறிட்டேன்," என்றாள் அண்ணி. "படிகாரம் அதிகமானா துகள் அத்தனையும் கட்சி மாறிடும். மறுபடி தள்ள ஆரம்பிச்சிடும். இது எனக்குத் தெரியாததா? பதட்டத்துல கை நீண்டு போச்சு."

நாத்தனார் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "சரி, அண்ணி. படிய ஒரு ராத்திரி வேணும், சாயந்திரம் வரைக்கும் நேரம் இருக்கு. யோசிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது இவளுக்கு.

ஆய்வுக்கூடத்து ஜன்னல் வழியே வாசல் தெரியும். விடியற்காலையில் வாளியும் கேனுமாக நாலைந்து பேர்தான் வந்திருந்தார்கள். ஆளுக்கொரு மூலையில், ஒருவர்மேல் ஒருவர் படாமல் நின்றார்கள். இப்போது தெருவே அடைத்துக்கொண்டு நின்றது. ஒருவர் வாளி இன்னொருவர் முழங்காலில் இடித்தது. முன்பின் தெரியாத இரண்டு பெண்கள் இடித்ததற்குச் சண்டை போட்டு, அடுத்த நிமிஷம் சேர்ந்துகொண்டு லாரிக்காரனைத் திட்டினார்கள். அண்ணி பார்த்துக்கொண்டே நின்றாள். ஆளில்லாத தெருவில் யார் யார்மேல் மோதுவது? இந்தத் தண்ணீரும் அப்படித்தானே காலியாகக் கிடக்கிறது. ஒட்டிக்கொள்ள அதில் வேறொன்றும் இல்லை. மழையில் ஆறு கலங்கி வந்திருந்தால் சேறே இந்தத் துகளைக் கூட்டிக்கொண்டு அடியில் இறங்கியிருக்கும். குறை தண்ணீரின் அழுக்கில் இல்லை, அதன் தெளிவில்தான் இருக்கிறது.

உடனே வீட்டுக்காரருக்கு போன். அவர் ஆழ்துளைக் கிணறு போடுகிற லாரி வைத்திருப்பவர். துளை சரியாமலிருக்கக் கரைத்து ஊற்றுகிற களிமண் மாவு அவரிடம் மூட்டை மூட்டையாக இருக்கும்.

"என்னங்க, ஒண்ணும் கலக்காத மண்ணு, பிரிக்காத மூட்டையா எடுத்துட்டு வாங்க."

"எதுக்கு?"

"தண்ணில போட."

"ஊரு என் தங்கச்சிமேல கொலவெறில இருக்கு. நீ இதுல மண்ணையும் அள்ளிக் கொட்டு. நல்லா இருக்கும்" என்றார். ஆனால் வந்துவிட்டார்.

முதலில் மண்ணையே சோதித்தாள். பிறகு வரிசையாகக் கண்ணாடிக் குவளைகள். எல்லாவற்றுக்கும் அதே தண்ணீர், குறைத்த படிகாரம், ஒவ்வொன்றுக்கும் வேறு அளவு மண். கலக்கும் துடுப்புகள் முதலில் விறுவிறுவென்று சுற்றின. பிறகு தொட்டில் ஆட்டுகிற மாதிரி மெல்ல. வேகம் கூடினால் ஒட்டியது உடைந்துவிடும். ஒரு குவளையில் துகளும் மண்ணும் ஒட்டிப் பொடிப்பொடியாகப் பஞ்சு மாதிரித் திரண்டது, கனத்தது, கீழே இறங்கியது. மேலே நின்ற தண்ணீரை வடிகட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்காரரின் லாரி நகரத்துக்குப் பறந்தது. மத்தியானம் தாண்டி ஆய்வகத்திலிருந்து பதில் வந்தது: வெள்ளி, கருவியால் அளக்க முடியாத அளவுக்குக் குறைவு.

நாத்தனார் போனை வைத்துவிட்டு அண்ணியைப் பார்த்தாள். "குவளைல சரி. பெரிய தொட்டி வாசலுக்கு நேரா இருக்கு. மண்ணு கொட்டறத ஊரே பாக்கும். என் பொழப்புல மண்ணப் போட்டுட்டீங்கன்னு நாளைக்கு என் அண்ணனே சொல்லுவான்."

"திரை கட்டிடலாமா?"

"வேணாம். பாக்கட்டும்."

அவளே வாசலுக்குப் போய்க் கதவைத் திறந்துவிட்டாள். கூட்டத்தின் முன்னால் நின்று, என்ன துகள், எப்படி வந்தது, எங்கள் கையால் எப்படி ஒரு தடவை தப்பாயிற்று, இப்போது என்ன செய்யப் போகிறோம் என்று ஒன்றையும் விழுங்காமல் சொன்னாள்.

"மண்ணா? எங்க வீட்டுக் கொல்லைல வேண்டியமட்டும் கெடக்கே, ஒரு போன் போட்டிருந்தா கொண்டாந்திருப்போமே!" என்று ஒரு தடித்த குரல். சிரிப்பு.

"தேவைப்பட்டா சொல்றேங்க. இப்ப நகருங்க, மூட்டை வருது."

முதல் மூட்டையை அண்ணி ஒரு முனையும் நாத்தனார் ஒரு முனையும் பிடித்துக் பெரிய தொட்டியில் சரித்தார்கள்; கூடவே குறைத்த அளவு படிகாரமும் போனது. கண்ணாடி மாதிரி இருந்த தண்ணீர் பழுப்பாகிப் போனது. கூட்டத்தில் யாரோ "அய்யய்யோ" என்றார்கள். தொட்டியின் துடுப்பை இயக்கும் ஊழியர் பதட்டத்தில் அதன் வேகத்தை ஏற்றப் போனார். அண்ணி அவர் கைமேல் கை வைத்தாள். "மெதுவாண்ணா. தூங்கற குழந்தைய எடுக்கற மாதிரி."

மெதுவாகத்தான் சுற்றியது. பொழுது சாயும் நேரம் தொட்டியில் பஞ்சு திரள ஆரம்பித்தது. தொட்டியைச் சுற்றியிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். அடியில் முழுக்கப் படிய ராத்திரி முழுவதும் வேண்டும்; பிறகு வடிகட்ட வேண்டும், விடிந்ததும் மறுபடி சோதிக்க வேண்டும். மேலிடத்திலிருந்து போன் அடித்தது. நாத்தனார் எடுத்தாள். "காலைல சோதனை முடிவு வந்ததும் திறப்பேன் சார். அது வராம யார் வந்தாலும் திறக்க விட மாட்டேன். நாற்காலிக்கு ஆள் அனுப்பறதா இருந்தா அனுப்புங்க, அவருக்கும் இந்தத் தொட்டியக் காட்டறேன்." அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

கூட்டம் கேட்டுக்கொண்டுதான் நின்றது. காலையில் வாளி இடித்ததற்குச் சண்டை போட்ட பெண்களில் ஒருத்தி முன்னால் வந்தாள். "அப்ப இன்னிக்குக் கெடைக்காது, அப்படித்தானே?"

"கெடைக்காதுக்கா."

அந்தப் பெண் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கையிலிருந்த வாளியை மதிலோரம் வைத்தாள். "வெறும் வாளியத் தூக்கிக்கிட்டு எதுக்குப் போயிட்டு வரணும்? இங்கயே கெடக்கட்டும். காலைல வரேன்" என்று முந்தானையை உதறிக்கொண்டு நடந்தாள். கொல்லை மண் தருகிறேன் என்ற தடித்த குரல்காரர் தன் கேனை அதன் பக்கத்தில் வைத்தார். அப்புறம் ஒவ்வொருவராக. தெரு காலியானபோது, மதில் நெடுக வாளியும் கேனும் அண்டாவுமாக வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தன. கதவோரம் நின்ற அண்ணியும் நாத்தனாரும், நடக்க வழி வேண்டுமென்று அவற்றை ஒவ்வொன்றாக மதிலோடு ஒட்டி நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தார்கள்.

உங்கள் வீட்டிலும், கண்ணுகளா, குடிக்கிற தண்ணீர் வயிற்றுக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும். தாகம் என்று வாசலில் வந்து நிற்கிறவருக்கு ஒரு செம்பு மிஞ்சட்டும். அண்ணியும் நாத்தனாரும் ஒரு மூட்டையை இரண்டு முனையில் பிடிக்கிற வீடாக அது என்றைக்கும் தழைக்கட்டும்.