வண்டியில் ஏறினால் பதில் சொல்லணும்

சிங்காநல்லூரில் எங்கள் மில் வேலைநிறுத்தம் இழுத்துக்கொண்டே போனது. குழந்தைக்குக் காய்ச்சல், மருந்துக்கு வழியில்லை என்று வேலன் மட்டும் மறுபடி வேலைக்குப் போனான். அவன் குடிசையைக் கொளுத்தினால்தான் மற்றவனுக்குப் பயம் வரும் என்று எங்கள் மில்லில் மூத்த ஆளான நஞ்சுண்டன் காப்பிக் கடையில் இளவட்டங்களுக்கு ஓதிக்கொண்டிருந்தார்.

ஒரு குடிசை எரிந்தால் போதும், போலீஸ் தடியோடு வந்து சங்கத்தையே இழுத்து மூடிவிடும். அது கிடக்கட்டும், உள்ளே ஒரு பச்சைக் குழந்தை இருக்கிறதே!

சங்கக் கூட்டத்தன்று நான்தான் தலைவி. என் பெயர் ராமாத்தாள், மில்லில் நூல் சுற்றுகிறவள். சங்கச் செயலாளர் அங்கப்பன் என் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"அக்கா, நஞ்சுண்டனைப் பேச உடாதீங்க. பத்தவெச்சுப்போட்டுப் போயிருவாரு."

"காப்பிக் கடையில பேசறாரே, அங்க யாருங்க அவரைக் கேள்வி கேக்கறாங்க? இங்க ஏறட்டும்."

எங்கள் சங்கத்துக்கு மாட்டு வண்டிதான் மேடை. ஏறினவர் எது வேண்டுமானாலும் பேசலாம். கீழே இருப்பவர்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லாமல் இறங்கக் கூடாது. மில் துரையே வந்து ஏறினாலும் இதே கட்டுப்பாடுதான்.

நஞ்சுண்டன் ஏறி, வேலன் குடிசையைக் கொளுத்தத்தான் வேண்டும் என்றார். நன்றாகத்தான் பேசினார், பாவி மனுஷன். இளவட்டங்கள் கைதட்டினார்கள். காளிச்சாமி என்கிறவன் விசிலே அடித்தான். அங்கப்பன் என்னை முறைத்தார். எனக்கும் பயம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனாலும் என் கூட்டத்து ஜனங்களை எனக்குத் தெரியும்.

"கேள்வி இருந்தாக் கேளுங்க" என்றேன்.

பின்வரிசையில் வேலனின் பெண்டாட்டி சாமியாத்தாள் எழுந்தாள். இடுப்பில் குழந்தை.

"ஏனுங்ணா, எப்பக் கொளுத்துவீங்கன்னு சொன்னீங்கன்னா, கொழந்தையைத் தூக்கிட்டு வெளிய வந்துக்குவேனுங்க."

கைதட்டல் நின்றது.

"பொம்பளைகளை நாங்க ஒண்ணும் பண்ண மாட்டோம் அம்மணி. நீ முன்னாலயே போயிரு."

"எங்கீங்க போறது? உங்க ஊட்டுக்கு வரட்டுங்களா?"

நஞ்சுண்டன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கப் பார்த்தார். விசிலடித்த காளிச்சாமியே குறுக்கே நின்றான்.

"பதில் சொல்லிப்போட்டு எறங்குங்க மாமா."

அவர் வண்டியின் மறுபக்கம் இறங்கப் போனார். அங்கேயும் ஆட்கள் நகரவில்லை. குழந்தை இருமியது.

"அவருகிட்ட பதிலில்லைன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. போதும், உட்ருங்க" என்றேன் நான். வழி விட்டார்கள். அவர் பின்னால் ஒருத்தனும் போகவில்லை.

கூட்டம் கலைந்ததும் காளிச்சாமி சாமியாத்தாளிடம் போய்க் கையை நீட்டினான்.

"கொழந்தையைக் குடுங்கக்கா, ஊடு வரைக்கும் வாரேன்."

குழந்தையைக் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. கூட வர மட்டும் விட்டாள்.