பவரை மாற்றினால் தீராதது

இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. சிரிக்க முடிகிறதே, அதுவே பெரிய நிம்மதி.

என் தம்பி கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். அக்கா நான் கல்லாவில் உட்காருவேன், அவன் உள்ளே கண்ணைப் பரிசோதித்து லென்ஸ் வெட்டுவான். யார் எந்தக் குறையோடு வந்தாலும் இவன் புத்தி ஒரே இடத்துக்குத்தான் போகும். தலைவலியா, பவர். தூக்கமில்லையா, பவர். மாமியாரோடு சண்டை என்று யாராவது வந்தால் அதற்கும் பவரைக் கூட்டிக் கொடுப்பான்.

அவன் மனைவிக்கு எட்டாவது மாதம். போன மாதப் பரிசோதனையில் பிரஷர் சரியாகத்தான் இருந்தது. ஒரு காலை, "கண்ணு முன்னாடி பொட்டுப் பொட்டா மின்னுதுங்க" என்றாள். இவன் அட்டையைப் படிக்கவைத்து ஒரு கண்ணாடி செய்து கொடுத்தான். அப்புறம் தலை பிளக்கிறது என்றாள், பவரை மாற்றினான். பிறகு பிரேம் நெற்றிப்பொட்டில் அழுத்துகிறது என்றாள். கம்பியைச் சூடுகாட்டித் தளர்த்தினான். மறுநாளும் அழுத்தியது, மறுபடி தளர்த்தினான். பிள்ளைத்தாய்ச்சி முகம், பூசினாற்போல் இருக்கிறது என்று நானும் சும்மா இருந்தேன்.

மூன்றாம் முறை அவன் கம்பியைக் கையில் எடுத்தபோது, அவள் மேல்வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "வலிக்குது அண்ணி" என்றாள்.

"இதுக்கு மேல வளைச்சா ஒடஞ்சிரும்க்கா" என்று அவன் பிரேமைப் பற்றிக் கவலைப்பட்டான்.

எனக்குப் பொறுக்கவில்லை. "பிரேம் எங்கயாவது தானா சுருங்குமாடா, மேதாவி? அவ மொகம் வீங்குதுடா. கடைய மூடு, ஆஸ்பத்திரிக்குக் கெளம்பு."

அங்கே பிரஷர் பார்த்த நர்ஸ் ஓடிப்போய் டாக்டரம்மாவைக் கூட்டிவந்தாள். சிறுநீரில் புரதம் போகிறது என்றார்கள்.

"நஞ்சுக்கொடி சரியா ஒட்டலைன்னா அதுக்கு ரத்தம் பத்தாது" என்றார் டாக்டரம்மா. "அதுலருந்து கெளம்புற கெட்ட பொருள் ஒடம்பு முழுக்க ரத்தக்குழாயக் கெடுக்கும். பிரஷர் ஏறும், கிட்னி ஒழுகும், கல்லீரல் வீங்கி மேல்வயிறு வலிக்கும். மூளையப் புடிச்சா கண்ணு மங்கும், அப்புறம்..."

அவர் முடிப்பதற்குள் கட்டில் அதிர்ந்தது. கண் மேலே செருகி, பல் கிட்டி, அவள் உடம்பு முழுவதும் வெட்டி வெட்டி இழுத்தது. அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்தார்கள், மூக்கில் ஆக்ஸிஜன் வைத்தார்கள், வலிப்பு நிற்க நரம்பில் மெக்னீசியம் ஏற்றினார்கள். இழுப்பு நின்று பிரஷர் கொஞ்சம் இறங்கியதும் ஆபரேஷனுக்குக் கொண்டுபோனார்கள்.

பெண் குழந்தை. கைக்குள் அடங்குகிற அளவு, ஆனால் தொண்டை மட்டும் என்னுடையது. அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். தப்பித்தோம் என்று நான் பெருமூச்சு விட்டேன்.

அவள் கண் விழித்தபோது ஜன்னல் வழியாக வெயில் கட்டில்மேல் அடித்துக்கொண்டிருந்தது. "லைட்டப் போடுங்க" என்றாள்.

தம்பி என்னைப் பார்த்தான். நான் டாக்டரம்மாவைக் கூட்டிவந்தேன்.

"கண்ணுல கோளாறு இல்ல. மூளையோட பின்பக்கம் வீங்கியிருக்கு" என்றார் டாக்டரம்மா. "பிரஷர் எறங்கினா பெரும்பாலும் பார்வை திரும்பிரும். ஆனா பிரசவம் ஆயிட்டாலும் மறுபடி வலிப்பு வரலாம், ஜாக்கிரதையாப் பாத்துக்கணும்."

அந்தப் 'பெரும்பாலும்' என்ற சொல்லைக் கட்டிக்கொண்டு தம்பி கட்டில் அருகே உட்கார்ந்துவிட்டான். "நான் பண்றதுக்கு இதுல ஒண்ணுமே இல்லையாக்கா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டான். திட்டுவதற்கு என்னிடம் எவ்வளவோ இருந்தது. அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். இவன் கட்டிலின் கால்மாட்டில் நின்று, அவள் காதில் விழக்கூடாதென்று வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதான். நான் பிளாஸ்க்கைத் திறந்துகொண்டிருந்தேன்.

"மூக்கெல்லாம் செவந்து போச்சு. எதுக்குங்க அழறீங்க?"

அவள் அவனையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, நீங்களுமா?" என்று என் பக்கம் திரும்பினாள். "அழுதது போதும். என் புள்ள மொகத்த நான் இன்னும் பாக்கல. என்னைக் கூட்டிட்டுப் போங்க."

நான் சக்கர நாற்காலி கேட்டு ஓடினேன்.