பூஞ்சைக்குச் சோறு போட்ட கடை

அப்பா சாப்பிட மாட்டேன் என்று வாயை மூடிக்கொண்டுவிட்டார். சமையல் மேல் கோபமில்லை, என் மேலும் இல்லை. விம்கோ நகருக்கு அந்தப் பக்கம் இருந்த மருந்து கம்பெனிக்கு லோடு போகவில்லையாம். அங்கே தொட்டியில் இருக்கிற பூஞ்சை பசியோடு கிடக்கும்போது நாம் எப்படிச் சோற்றில் கை வைப்பது என்று கேட்கிறார். அந்தக் கம்பெனியை மூடிக் கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. இடத்தை இடித்து, அடுக்குமாடி கட்டி, நீச்சல் குளமும் வெட்டி, அதில் பிள்ளைகள் குதித்துக்கொண்டிருக்கிறார்கள். அப்பாவுக்கு மட்டும் இன்னும் எண்பதுகள்தான் நடக்கிறது.

டாக்டர் வந்து பார்த்துவிட்டு, நாளைக்கும் இப்படியே இருந்தால் ஆஸ்பத்திரியில் சேர்த்து மூக்கில் குழாய் விட வேண்டியதுதான் என்றார். அப்பாவுக்கு வயது தொண்ணூறை நெருங்குகிறது. சேர்த்தால் வீட்டுக்குத் திரும்பி வருவாரா என்று நான் கேட்கவில்லை. டாக்டரும் சொல்லவில்லை.

எங்கள் கடை வண்ணாரப்பேட்டையில் இருக்கிறது. சுப்புராஜ் அண்ட் கோ. எண்ணெய், புண்ணாக்கு, சர்க்கரை, வெல்லம், எல்லாம் மொத்த வியாபாரம். சுப்புராஜ் என் அப்பா. 'அண்ட் கோ' நான்தான், ஜெயக்கொடி. ஒரே பிள்ளை. கல்யாணம் பண்ணிப் போன வேகத்திலேயே திரும்பி வந்து கல்லாவில் உட்கார்ந்தவள். கடைக்கு மேல் மாடியில்தான் வீடு.

பூஞ்சை எங்களுக்கு வாடிக்கையான கதையைச் சொல்ல வேண்டும். பெனிசிலின் மருந்தைத் தருவது ஒரு பூஞ்சை. பழைய ரொட்டியில் பச்சையாகப் பூக்குமே, அதன் உறவுக்காரன். அதை மாடி உயர ஸ்டீல் தொட்டிக்குள் விட்டு, சுத்தம் செய்த காற்றை ஊதி, கலக்கிக்கொண்டே இருப்பார்கள். அது தின்று வளர்ந்து மருந்தைக் கசியவிடும். சும்மா கசியவிடுமா? தீனி போட வேண்டும். கடலைப் புண்ணாக்கு மாவு, சர்க்கரை, நுரை பொங்கினால் அடக்குவதற்குக் கடலை எண்ணெய். மூன்றும் எங்கள் கடையிலிருந்துதான் போனது. ஊரில் எல்லோரும் மனுஷனுக்கு மளிகை போட்டபோது என் அப்பா பூஞ்சைக்கு மளிகை போட்டார். பேரம் பேசாத ஒரே வாடிக்கை என்று பெருமையாகச் சொல்லுவார்.

ஒரு நாள் அங்கிருந்த கெமிஸ்ட் அப்பாவை மேலே கூட்டிக்கொண்டு போய்த் தொட்டியின் மேல் கை வைத்துப் பார்க்கச் சொன்னாராம். வெதுவெதுப்பாக இருந்ததாம். கீழே அடுப்பு எதுவும் இல்லை, அது தின்று செரிக்கிற சூடுதான் என்று கெமிஸ்ட் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு வீட்டுக்கு வந்த அப்பா வேறு ஆளாக இருந்தார்.

"உயிரோட இருக்காம்மா. காய்ச்சக்காரன் நெத்தி கணக்கா சுடுது," என்றார்.

அதற்குப் பிறகு அவர் பூஞ்சையை 'அது' என்று சொன்னதே இல்லை. 'நம்ம ஆளு' என்றுதான் சொல்வார். கம்பெனிக்கு லோடு ஏறிய பிறகுதான் வீட்டில் காலைப் பலகாரம் என்று ஒரு சட்டமும் வந்தது. டெம்போ தாமதமானதால் நான் வெறும் வயிற்றோடு பள்ளிக்கூடம் போன நாட்கள் உண்டு. ஒரு முறை எனக்கு ஜுரம் வந்து பெனிசிலின் ஊசி போட்டார்கள். நான் ஆஸ்பத்திரியே அதிரக் கத்தினேன். அப்பா என் தலையைத் தடவி, "அழாத தாயி, நம்ம கடைச் சரக்குதான்," என்று சமாதானம் சொன்னார்.

லீவு நாட்களில் லோடு டெம்போவில் அப்பாவோடு நானும் தொற்றிக்கொள்வேன். ஓட்டுவது மஜீது பாய். அப்போது மீசை அரும்பிய வயது அவருக்கு. இப்போது தாடி நரைத்துவிட்டது, ஆனால் எங்கள் கடையை விட்டுப் போகவில்லை, என்னைப் 'பாப்பா' என்று கூப்பிடுவதையும் விடவில்லை. தண்டையார்பேட்டை தாண்டித் திருவொற்றியூர் நெருங்கும்போது கடல் காற்றில் கருவாட்டு வாசனை வரும். அதையும் தாண்டினால் நம்ம ஆளின் வாசனை. ஊறின சாக்கு, புளித்த கள், பாகு காய்ச்சுகிற அடுப்பு மூன்றையும் ஒன்றாகக் கலந்ததுபோல இருக்கும். கம்பெனி வாசலில் கொஞ்ச நேரம் நின்றாலே துணியில் ஏறிவிடும், ரெண்டு தண்ணீரில் அலசினாலும் போகாது. வகுப்பில் என் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். வெளிநாட்டிலிருந்து மலிவாக மருந்து வந்து கம்பெனியை மூடியபோது அப்பா இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். நான்தான் பீடை விட்டது என்றேன்.

இப்போது அந்த வாசனைதான் எனக்கு வினையாக வந்தது. லோடு போய்விட்டது என்று பொய் சொன்னால் அப்பா சாப்பிட்டுவிடுவார் என்று நினைத்தேன். "நானே கூடப் போய் எறக்கிட்டு வந்தேம்ப்பா," என்று தட்டை நீட்டினேன். அவர் தட்டைப் பார்க்கவில்லை. என் முந்தானையைப் பிடித்து மூக்கில் வைத்து இழுத்துப் பார்த்தார்.

"நீ போகலை," என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கண் மங்கிவிட்டது, காது பாதிதான் கேட்கும், மூக்கு மட்டும் அப்படியே இருக்கிறது. டாக்டர் வந்து போன பிறகு படிக்கட்டில் உட்கார்ந்து புலம்பிக்கொண்டிருந்தேன். மஜீது பாய்தான் யோசனை சொன்னார். அவர் மகள் கௌசர் எண்ணூர் பக்கம் புதிதாக வந்த ஒரு பயோடெக் கம்பெனியில் இன்ஜினியர்.

"பாப்பா, கௌசர் வேல செய்யற எடத்துல இதே மாரி தொட்டிதான் கீதாம். அங்க போயி கொஞ்ச நேரம் நின்னுகினு வந்தா வாசன ஏறிக்காதா?"

மறுநாள் காலையில், அப்பாவைப் பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ரெண்டு பேரும் கிளம்பினோம். வாசலிலேயே தலைக்கு ஒரு தொப்பி, காலுக்கு ஒரு உறை மாட்டிவிட்டார்கள். உள்ளே தரை பளபளவென்று இருந்தது. மூக்கை எவ்வளவு விரித்தும் பினாயில் வாசனைகூட வரவில்லை. நான் வந்த காரியத்தைச் சொன்னதும் கௌசர் சிரித்துவிட்டாள்.

"வாசனையா? இங்க வாசன வந்துச்சின்னா எங்களுக்கு வேல போயிடும் ஆன்ட்டி. உள்ள போற காத்து, வெளிய வர்ற காத்து ரெண்டையும் வடிகட்டித்தான் வுடுவோம்."

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று தொட்டியைக் காட்டினாள். ஆள் உயரம்தான் இருந்தது. சுற்றிலும் குழாய், பக்கத்தில் கம்ப்யூட்டர் திரை. உள்ளே இருப்பது ஈஸ்ட்டாம். மனுஷ உடம்பில் இன்சுலின் செய்யச் சொல்லுகிற மரபணுவை அதற்குள் வைத்திருக்கிறார்களாம். முன்பெல்லாம் மாடு, பன்றியின் கணையத்திலிருந்து எடுத்துக்கொண்டிருந்த மருந்தை இப்போது இந்த ஈஸ்ட், மனுஷ உடம்பில் சுரப்பதுபோலவே செய்து கொடுத்துவிடுகிறதாம். கேட்க ஆச்சரியமாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு வியாபார புத்தி.

"இதுக்கு என்ன சாப்பாடு போடுறீங்க?" என்று கேட்டேன்.

"குளுக்கோஸ், கொஞ்சம் உப்பு, வைட்டமின். அவ்ளோதான்."

தெளிந்த தண்ணீராக ஒரு குழாய் வழியே சொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் ஆளு புண்ணாக்கு தின்று வளர்ந்தவன். இது பாவம், டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டு கிடக்கிற நோயாளி மாதிரி கிடந்தது.

"புண்ணாக்கு போட்டா ஆகாதா?"

"அதெல்லாம் எங்க அத்தா காலம் ஆன்ட்டி. ஒரு மூட்டை மாரி இன்னொரு மூட்டை இருக்காது. புண்ணாக்குல இன்னா இன்னா கீதுன்னு யாருக்குத் தெரியும்?"

எனக்குச் சுருக்கென்றது. என் வாய்க்கு எப்போதும் பூட்டு கிடையாது, அன்றைக்கு மட்டும் அப்பாவுக்காகப் பூட்டிக்கொண்டேன். அவள் சொன்னதும் சரிதான். அந்த இடத்தில் எங்கள் கடையின் ஒரு பிடி மாவுக்குக்கூட வேலை இல்லை என்பது எனக்கே தெரிந்தது. அதுதான் வலித்தது. பீடை விட்டது என்று சொன்னவளுக்கு ஏன் வலிக்க வேண்டும் என்று தெரியவில்லை.

கடைசியில் கௌசரே இரங்கினாள். வேலை முடிந்த ஈஸ்ட்டைச் சூடு காட்டிக் கொன்றுவிட்டுப் பின்பக்கம் கழிவு சுத்தம் பண்ணுகிற இடத்துக்கு அனுப்புவார்களாம். "அங்கதான் ஆன்ட்டி கொஞ்சம் கலீஜா நாறும்," என்று கூட்டிக்கொண்டு போனாள். நாறத்தான் நாறியது. எனக்கு உயிர் வந்தது. முந்தானையை ரெண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு காற்று வந்த பக்கம் நின்றேன். செக்யூரிட்டிக்காரர் கௌசரைப் பார்த்தார், கௌசர் வானத்தைப் பார்த்தாள். மஜீது பாய் மட்டும் முகத்தைத் தீவிரமாக வைத்துக்கொண்டு, "அந்தாண்ட கொஞ்சம் திரும்பு பாப்பா," என்று வழி காட்டினார்.

விம்கோ நகரில் மெட்ரோ ஏறினோம். ஏசிப் பெட்டி. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் அடுத்த ஸ்டேஷனிலேயே எழுந்து தள்ளி நின்றுகொண்டாள். எதிரில் இருந்தவர் மூக்கைத் துடைக்கிற மாதிரி மூடினார். வகுப்பில் தனியாக உட்கார்ந்த சின்னப் பெண் எனக்குள் எட்டிப் பார்த்தாள். அவளுக்கு அழுகை வந்தது, எனக்குச் சிரிப்பு வந்தது. வண்ணாரப்பேட்டை வரைக்கும் அந்த இருக்கை முழுசும் எங்களுக்குத்தான்.

வீட்டுக்கு வரும்போது மதியச் சாப்பாட்டு நேரம். அப்பா கட்டிலில் சாய்ந்திருந்தார். உதடு காய்ந்து வெடித்திருந்தது. நான் கிட்டே போய் முந்தானையை அவர் கையில் கொடுத்தேன்.

"லோடு போயிருச்சுப்பா."

மோந்து பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார். முகம் மலரப் போகிறது என்று நான் தட்டை எடுக்கத் திரும்பினேன்.

"இது நம்ம ஆளு இல்லையே தாயி," என்றார். "இது வேற யாரோ. இவன் எந்தக் கடையில சாப்பிடுதான்னு தெரியலை. நம்ம ஆளு எங்க?"

அவ்வளவுதான். அலைந்த அலைச்சல், மெட்ரோவில் பட்ட வெட்கம், அந்தக் கண்ணாடிக்கு முன்னால் விழுங்கிய வார்த்தை எல்லாம் சேர்ந்து பொங்கிவிட்டது.

"செத்துட்டாம்ப்பா! உங்க ஆளு செத்து எத்தனையோ வருஷமாச்சு. கம்பெனியே இல்ல. லோடு அனுப்ப இடமே இல்ல!"

சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன். மஜீது பாய், "இன்னா பாப்பா இப்டி பேசிக்கினு," என்று பதறினார். அப்பா முந்தானையைக் கையிலிருந்து விடவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்.

"பட்டினி கெடந்தா செத்தான்?"

கம்பெனி மூடிய நாளில் நான் அந்தப் பக்கமே போகவில்லை. மஜீது பாய் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து அப்பாவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டார்.

"இல்ல மொதலாளி. கடசி லோட நாந்தான் ஏத்திகினு போனேன். உள்ள கொண்டும்போயி எறக்கிட்டுத்தான் வந்தேன். அத்தத் துன்னு முடிச்சப்பறந்தான் தொட்டிய நிறுத்துனாங்கோ. வயிறு ரொம்பித்தான் போனான்."

அப்பாவைச் சமாளிக்கச் சொன்ன பொய்யில்லை அது. சொல்லும்போதே அவர் கண் நிறைந்து தாடியில் வழிந்தது.

"அப்ப சரி," என்றார் அப்பா. கொஞ்சம் பொறுத்து, "எடுத்தாச்சா?" என்று கேட்டார்.

சாவு வீட்டில் கேட்கிற கேள்வி அது. எடுக்கிற வரைக்கும் யாரும் சாப்பிடுவதில்லை. எடுத்த பிறகு தலை முழுகிவிட்டுத்தான் சோறு.

"எடுத்தாச்சு மொதலாளி," என்றார் மஜீது பாய்.

"அப்புறம் ஏன் எல்லாரும் சும்மா உக்காந்திருக்கீங்க? வெந்நீர் வையி தாயி. தலை முழுகாமச் சோறு திங்கலாமா?"

அடுப்பைப் பற்றவைத்து வெந்நீர் வைத்தேன். துக்கத்தைத் தாங்கிக்கொள்கிற மனுஷனிடம் நான் பொய்யை ஊட்டப் பார்த்திருக்கிறேன். மஜீது பாய் அப்பாவைத் தூக்கிக்கொண்டு போய் மொட்டை மாடி வெயிலில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றித் துவட்டிவிட்டார். வேட்டி மாற்றிக் கூட்டி வந்தார். ரசம் சோற்றைக் குழைத்து வைத்தேன். அப்பா அவராகவே கை நீட்டித் தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். ஆனால் வாயில் வைக்கவில்லை. என்னையே பார்த்தார்.

"நீயும் போய் முழுகிட்டு வா. நீயுந்தான அவனுக்குச் சோறு போட்ட?"

நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். முதல் சொம்பு தலையில் விழுந்ததுமே அழுகை வந்துவிட்டது. அடக்கவே முடியவில்லை. டெம்போவும், கடல் காற்றும், கம்பெனி வாசலில் லோடு இறங்குகிற வரைக்கும் என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு நின்ற அப்பாவும், எல்லாம் சேர்த்து அன்றைக்குத்தான் நான் அழுதேன். வெளியிலிருந்து மஜீது பாய் கதவை மெதுவாகத் தட்டினார்.

"பொறுமையா வா பாப்பா. மொதலாளி துன்னுகினு கீறாரு."