வெள்ளையாய் இருந்த இன்னொரு கல்

“அப்போ எச்சத்து மேல நின்னுக்கிட்டா எண்ணியிருக்கான்?”

“சிரிக்காதீங்கண்ணே.”

அண்ணன் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எதிரே தெரியும் பாறைத்தீவில் கூடு கட்டும் ஆலாப் பறவைகளை ஆண்டுதோறும் ஒரே கல்லில் நின்று எண்ணுவது தங்கையின் வேலை. அந்தக் கல்லுக்கு வெள்ளைப் பெயிண்ட் அடித்திருக்கும். போன வருடம் அவள் பிள்ளைப்பேறு விடுப்பில் இருந்ததால் வேறொருவன் போனான். பறவைகள் தாராளமாக வெள்ளையடித்து வைத்திருந்த மேட்டுக்கல்லைப் பார்த்து, இதுதான் என்று ஏறி நின்றுவிட்டான். அங்கிருந்து பின்சரிவும் தெரியும். கணக்கில் என்றுமே சேராத சரிவு. அவன் எடுத்த படத்தை இன்று காலைதான் அவள் பார்த்தாள்.

“பறவை கூடிப்போச்சுன்னு எழுதிட்டாங்க. நல்லதுதானே?”

“கூடல. கூடுதலா பார்த்திருக்கான். அதை நம்பி நாளைக்கு மீட்டிங்ல அந்தக் கடலை மீன்பிடிக்கத் திறந்துவிடப் போறாங்க.”

சிரிப்பு நின்றது. ஆலாக்களுக்காகத் தடை போட்டிருந்த தீவைச் சுற்றி மறுபடி வலை போடலாம் என்ற பேச்சு அடிபட்டபோதே அண்ணன் புது வலை வாங்கிவிட்டார். அது பிரிக்காத கட்டாகச் சமையலறையில் கிடக்கிறது. அண்ணி அதைத் தாண்டித்தான் அடுப்புக்குப் போகிறாள்.

“ஆபீஸ்ல சொல்ல வேண்டியதுதானே.”

“சொன்னேன். எவ்வளவு தப்புன்னு கேக்கறாங்க. ரெண்டு கல்லுலயும் நின்னு எண்ணினாத்தான் தெரியும். ஆபீஸ் படகோட எஞ்சினைக் கழட்டிப் போட்டிருக்காங்க.”

“என் வயித்துல அடிக்க என் படகேதான் வேணுமா உனக்கு?”

“குஞ்சுக்குப் போற பொடிமீனை இப்பவே வாரிட்டா, அப்புறம் அந்த வலையில அண்ணி துணிதான் காயப்போடணும்.”

“வாய் மட்டும் குறையல. எண்ணிப் பார்த்து, நெசமாவே கூடியிருந்தா?”

“அதையும் எழுதுவேன்.”

அண்ணன் அவள் முகத்தையே பார்த்தார். எழுதுவாள் என்று அவருக்குத் தெரியும். அதுதான் அவருக்கு இன்னும் எரிச்சலூட்டியது.

அவள் பைனாகுலரையும் ஒரு பெயிண்ட் டப்பாவையும் படகில் வைத்தாள்.

“மறுபடி வெள்ளையா?”

“சிவப்பு.”

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஏறி, முன்பலகையில் தீவைப் பார்த்து உட்கார்ந்தாள். அண்ணன் எஞ்சின் சாவியை விரலில் சுற்றியபடி கரையிலேயே நின்றார்.

“மதியம் காத்து எழும்பிடும்,” என்றாள், திரும்பாமல். “கயித்தை அவுத்துவிடுங்கண்ணே.”